பறக்காமல் போன விமானங்கள்: மாற்று வரலாற்றுப் பக்கத்தோற்ற ஓவியங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

போர் விமானம் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி, சக்கரங்களை உள்ளிழுத்த நிலையில், பின்னணி எதுவும் இல்லாமல் வெள்ளைத் தாளில் வரைவதைப் பக்கத்தோற்ற ஓவியம் என்கிறோம். பெரும்பாலும் மூக்கு இடப்புறம் நோக்கி இருக்கும். கீழே விமானத்தின் பெயர், அது சேர்ந்த படையணி, தளம், ஆண்டு ஆகியவற்றைக் கூறும் ஓரிரு வரிகள் இருக்கும். 1960களில் இங்கிலாந்தில் வெளிவந்த மலிவு விலை நூல்வரிசைகள் இந்த வடிவத்தைப் பரவலாக்கின. பிளாஸ்டிக் மாதிரி விமானங்களை ஒட்டி வண்ணம் பூசுவோருக்கு அது வழிகாட்டியாகப் பயன்பட்டது. சுருங்கச் சொன்னால், இது ஓர் ஆவண வடிவம். ‘இந்த விமானம் இந்த ஆண்டில் இப்படித்தான் இருந்தது’ என்று அது சான்று கூறுகிறது.

அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, இல்லாத ஒன்றுக்குச் சான்று கூறுவதே மாற்று வரலாற்றுப் பக்கத்தோற்றம். வரைபலகையிலேயே நின்றுபோன விமானம், ஒரே ஒரு முன்மாதிரியோடு கைவிடப்பட்ட விமானம், விற்கப்படாத நாட்டுக்கு விற்கப்பட்டதாகக் கொள்ளும் விமானம் என எல்லாமே இதில் அடங்கும். இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. என் பார்வையில் ஒவ்வொரு படமும் ஒரு வரலாற்று வாதம். வாதம் என்றால் அதை வாதமாகவே எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பக்கவாட்டுப் பார்வை எதை மறைக்கிறது?

ஜெட் யுகத்து விமானங்களின் புதுமை பெரும்பாலும் இறக்கையில் இருந்தது. பின்சாய்ந்த இறக்கை, முக்கோண இறக்கை, வாலே இல்லாத பறக்கும் இறக்கை ஆகிய எல்லாம் மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும். பக்கவாட்டில் இறக்கை ஒரு கோடாகச் சுருங்கிவிடுகிறது. ஹோர்ட்டன் சகோதரர்களின் எச்.ஓ.229 பறக்கும் இறக்கையைப் பக்கத்தோற்றமாக வரைந்தால், நடுவில் சற்றுப் புடைத்த ஒரு தகடுதான் மிஞ்சும். ஆகவே இந்த ஓவியர் பொறியியலைக் கொண்டு கதை சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பவை உருமறைப்பு வண்ணம், வட்டச்சின்னம், வாலில் உள்ள கொடி, எண், அழுக்கு, தேய்மானம் இவ்வளவே. வரலாறு முழுவதையும் வண்ணத்திலேயே சொல்லியாக வேண்டும். நல்ல படத்துக்கும் சாதாரணப் படத்துக்கும் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. சாதாரண ஓவியர் விமானத்தை மட்டும் மாற்றுகிறார். உலகம் அப்படியே இருக்கிறது. நல்ல ஓவியர் உலகத்தை மாற்றி, அதன் தடயத்தை விமானத்தின் தோலில் விடுகிறார்.

கனடாவின் அவ்ரோ ஆரோ நல்ல எடுத்துக்காட்டு. 1957 அக்டோபர் 4 அன்று, ஸ்புட்னிக் ஏவப்பட்ட அதே நாளில், அது பொதுமக்கள் முன் கொண்டுவரப்பட்டது. 1958 மார்ச் 25இல் முதன்முதலாகப் பறந்தது. 1959 பிப்ரவரி 20இல் அரசு திட்டத்தை நிறுத்தியது; ஏறத்தாழ 14,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர். பறந்த ஐந்து விமானங்களும் வெட்டித் துண்டாக்கப்பட்டன. அதைப் பறக்கவிட்டுப் பார்க்கும் ஆசை கனடாக்காரர்களுக்கு இன்றும் தீரவில்லை. அந்த ஆசையில் பிறக்கும் படங்களுள் மிக எளிதானது, முன்மாதிரிகளின் வெள்ளை வண்ணத்தை அப்படியே வைத்து ஆண்டை மட்டும் 1970 என்று மாற்றுவது. அதில் ஏக்கம் இருக்கிறது, சிந்தனை இல்லை.

சற்று யோசிப்பவர் வேறுவிதமாக வரைவார். ஆரோவுக்குப் பதிலாகக் கனடா 1961இல் அமெரிக்காவிடமிருந்து 66 வூடூ விமானங்களைப் பெற்றது. அப்படியானால் ஆரோ அந்த வூடூக்களின் இடத்தில்தான் நின்றிருக்கும்: கோமாக்ஸ் தளத்தில் 409ஆம் படையணி, பாகோட்வில்லில் 425ஆம் படையணி. 1965 பிப்ரவரியில் கனடாவின் கொடி மாறியது. ஆகவே வாலில் மேப்பிள் இலைக் கொடி வர வேண்டும். 1968இல் முப்படைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஆகவே உடலின் மேல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படையின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு கொடியும் இரண்டு மொழி எழுத்தும் சேர்ந்து பத்தாண்டு கால அரசியலைச் சொல்லிவிடுகின்றன. இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் வகுப்பறையில் மாட்டி வைக்கலாம் என்று தோன்றும். ஒரு பாடவேளை முழுவதும் அதை வைத்தே நடத்தலாம்.

ஆனால் வண்ணத்தால் சொல்ல முடியாததும் உண்டு. ஆரோ நின்றுபோனதால் அவ்ரோவின் வடிவமைப்புத் தலைவர்களுள் ஒருவரான ஜிம் சேம்பர்லின், ஒரு பொறியாளர் குழுவோடு நாசாவுக்குப் போனார். ஜெமினி விண்கலத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆரோ பிழைத்த உலகில் ஜெமினி எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வியைப் படத்தின் கீழுள்ள இரண்டு வரிக் குறிப்பு தொட்டிருந்தால் போதும். பெரும்பாலும் தொடுவதில்லை. பிழைத்துவிட்ட விமானத்துக்கு விலை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதுபோல் குறிப்புகள் எழுதப்படுகின்றன.

பிரிட்டனின் டி.எஸ்.ஆர்-2 கதையும் இதே வகைதான். 1964 செப்டம்பரில் பறந்தது, 1965 ஏப்ரலில் கைவிடப்பட்டது. அதை ஆஸ்திரேலியாவின் கங்காரு சின்னத்தோடு வரைவது எனக்குப் பிடிக்கும். ஆஸ்திரேலியா உண்மையிலேயே அதைப் பரிசீலித்து, 1963இல் அமெரிக்க எஃப்-111ஐத் தேர்ந்தெடுத்தது. அதாவது பாதை பிரிந்த இடம் அங்கே மெய்யாகவே இருந்தது. பிரியாத இடத்தில் பாதையைப் பிரிப்பவர் மாயாஜாலம் செய்கிறார்.

1946இல் தொடரும் போர்

இந்தக் கலையில் மிக அதிகமாக வரையப்படும் பொருள், 1945இல் தோற்காத ஹிட்லரின் விமானப்படை. போர் இன்னும் ஓராண்டு நீடித்திருந்தால் என்ற கற்பனை. போக்கே-வுல்ஃப் டி.ஏ.183, மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101, முன்சாய்ந்த இறக்கை கொண்ட ஹைங்கல் 162 எனப் பறக்காமல் போனவை எல்லாம் இங்கே படையணி எண்ணோடு வருகின்றன. தொழில்நுட்ப அளவில் இவற்றுள் பல மிக உயர்ந்த வேலை. போரின் கடைசி மாதங்களில் ஜெர்மனியில் பெயிண்ட் தட்டுப்பாடு இருந்தது. அடிப்பகுதி பூசப்படாமல் வெறும் உலோகமாகவும், மூட்டுகளில் அடைத்த மக்கு வெளியே தெரியும்படியும் விமானங்கள் வெளிவந்தன. ஓவியர்கள் அதைத் தேடிப் படித்து ஒவ்வொரு மக்குக் கோட்டையும் வரைகிறார்கள்.

பெயிண்ட் தட்டுப்பாட்டை இவ்வளவு அக்கறையோடு வரைபவர்கள் எரிபொருள் தட்டுப்பாட்டை ஏன் மறக்கிறார்கள்? 1944 மே மாதம் முதல் செயற்கை எரிபொருள் ஆலைகள் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, விமான எரிபொருள் உற்பத்தி சரிந்தது. நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் போதாமையால் ஜூமோ 004 ஜெட் எஞ்சின் 25 மணி நேரம் உழைத்தாலே பெரிது. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்தால் 1946இல் படையணி படையணியாகப் பறப்பதற்கு இடமில்லை.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. ஹைங்கல் 162 காகித விமானம் அன்று, உண்மையாகவே கட்டப்பட்டது. அதன் உடற்பகுதிகள் கட்டப்பட்ட இடங்களுள் ஒன்று வியன்னாவுக்கு அருகே ஹின்டர்ப்ரூல் என்ற ஊரில் உள்ள பழைய ஜிப்சம் சுரங்கம். அங்கே வேலை செய்தவர்கள் மௌட்ஹவுசன் வதைமுகாமின் கைதிகள். 1945 வசந்தத்தில் சோவியத் படைகள் நெருங்கியபோது அவர்களை நடத்தியே கொண்டுசென்றனர். நடக்க இயலாதவர்கள் கொல்லப்பட்டனர். இன்று அந்தச் சுரங்கத்தின் நிலத்தடி ஏரியில் சுற்றுலாப் பயணிகள் படகில் போகிறார்கள். 1946இல் பறக்கும் ஹைங்கலை வரைபவர், அந்தச் சுரங்கம் இன்னும் ஓராண்டு இயங்கியதாகவும் சேர்த்துத்தான் கற்பனை செய்கிறார். அவர் அதை எண்ணிப் பார்த்தாரா என்பது படத்தில் தெரிவதில்லை. வெள்ளைப் பின்னணிக்கு இது வசதியாகவும் இருக்கிறது. தொழிற்சாலையும் கைதியும் குண்டு விழுந்த ஊரும் அந்த வெள்ளைக்குள் போய்விடுகின்றன.

வாலில் ஸ்வஸ்திகாவை விட்டுவிடுவது ஒரு தீர்வு என்று சிலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் அதைக் காட்டச் சட்டத்தடை இருப்பதால் மாதிரி விமானப் பெட்டிகளிலும் அது இருப்பதில்லை. சட்டத்தை மதிப்பது சரியே. ஆனால் சின்னத்தை அழித்துவிட்டு விமானத்தின் அழகை மட்டும் மிச்சம் வைக்கும்போது, படம் இன்னும் பொய்யாகிறது. இந்த வகையை வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழே உள்ள குறிப்பில் விமானியின் வெற்றி எண்ணிக்கையை எழுத இடம் இருந்தால், அது எங்கே, யாரால் கட்டப்பட்டது என்று எழுதவும் இடம் இருக்கும்.

கர்ட் டேங்க்கின் மூன்று விமானங்கள்

கற்பனை விமானத்தை உரசிப் பார்க்க நமக்கு ஒரு நல்ல உரைகல் கிடைத்திருக்கிறது. டி.ஏ.183 உருவான போக்கே-வுல்ஃப் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் கர்ட் டேங்க், போருக்குப் பின் அர்ஜென்டினா சென்றார். அங்கே அதே பாணியில் புல்கி-2 என்ற விமானத்தைக் கட்டினார். அது 1950இல் பறந்தது. அடுத்தடுத்த விபத்துகளில் இரண்டு விமானிகள் இறந்தனர். திட்டம் முன்மாதிரிகளைத் தாண்டவில்லை. ஓவியங்களில் 1946இலேயே குறையின்றிப் பறக்கும் விமானத்தின் மெய்யான உறவினர், அமைதிக் காலத்தில், அவசரமின்றிக் கட்டியும் இவ்வளவு பாடுபடுத்தியது.

அதன் பிறகு டேங்க் வந்த இடம் பெங்களூரு. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்காக அவர் குழு வடிவமைத்த எச்.எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17இல் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 10, 31, 220 ஆகிய மூன்று படையணிகள் அதைப் பயன்படுத்தின. 1971 போரில் அது களம் கண்டது. ஒலியின் இருமடங்கு வேகத்தை எண்ணி வடிவமைத்த உடல் அது. கிடைத்ததோ ஆர்ஃபியஸ் 703 எஞ்சின். மட்டப் பறப்பில் ஒலியின் வேகத்தைக்கூட அதனால் தாண்ட இயலவில்லை. இதைவிட வலிமையான ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை உருவாக்கப் பணம் தர இந்தியா முன்வரவில்லை.

மாருத்துக்குத்தான் ‘நடந்திருந்தால்’ என்ற கேள்வி மிகவும் பொருந்தும். பாதை பிரிந்த இடம் தெளிவாக, ஒரு கோப்பிலே இருக்கிறது. 1999 கார்கில் போரில் மாருத்தைப் பறக்கவிடும் ஓவியர், 1960ஐ ஒட்டிய நிதிநிலை அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பணம் எதிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும், மிக்-21ஐ வாங்கியிருப்போமா, ஜாகுவார் வந்திருக்குமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பக்கத்தோற்றத்தில் இத்தனைக்கும் கிடைக்கும் இடம், வாலடியில் சற்று நீளும் எஞ்சின் முனை மட்டுமே. தேர்ந்த கண்ணுக்கு அதுவே போதும். மற்றவர்களுக்குக் குறிப்பு வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெய்யாகப் பறந்த ஒரு மாருத்தே மாற்று வரலாற்றுப் படம்போல் இருந்தது. எகிப்து தன் சொந்தப் போர் விமானத்துக்காக ஃபெர்டினாண்ட் பிராண்ட்னரைக் கொண்டு ஈ-300 என்ற எஞ்சினை உருவாக்கியபோது, அதைச் சோதிக்க இந்தியா ஒரு மாருத்தைக் கொடுத்தது. அதன் இரண்டு ஆர்ஃபியஸ்களுள் ஒன்றை எடுத்துவிட்டு ஈ-300 பொருத்தினார்கள். இந்திய உடல், ஜெர்மானிய வடிவமைப்பு, ஒரு பக்கம் பிரிட்டிஷ் எஞ்சின், மறுபக்கம் எகிப்தில் ஓர் ஆஸ்திரியர் செய்த எஞ்சின். 1969இல் எகிப்து அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அந்த விமானத்தை வரைய விரும்புபவர் இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு படங்கள் வரைந்தாக வேண்டும்.