கச்சேரி ஹாலுக்கு கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1502: ஓட்டிப் பார்த்ததில்

மார்கழியில் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் சின்ன ஹால்களில் கச்சேரி கேட்டவர்களுக்கு இது பழக்கம்: தனி ஆவர்த்தனம் சூடு பிடித்ததும் மிருதங்கத் தொப்பியின் கும்காரம் உடைந்து ‘டப் டப்’ என்று காதில் அறையும். பழியை மைக்கின் மேலும் ஸ்பீக்கரின் மேலும் போடுவோம். பெரும்பாலும் கோளாறு நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரை அமைத்த விதத்தில்தான். அதை மனதில் வைத்தே, மந்தைவெளியில் நூற்றைம்பது நாற்காலி போடக்கூடிய ஒரு மாடி ஹாலில், 12 இன்ச் பாக்ஸ் இரண்டை மாட்டி இந்த ஆம்ப்பைச் சோதித்தேன்.

எடை சுமார் 4 கிலோ. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்பைத் தூக்கி ஏறியவர்களுக்கு இதன் அருமை புரியும். கிளாஸ் டி வகை. ஒரு சேனலுக்கு 8 ஓமில் 300 வாட், 4 ஓமில் 525 வாட் என்பது கம்பெனிக் கணக்கு. மிக்சரிலிருந்து ஒரே லைன் வந்தாலும் போதும். மெனுவில் ‘இன்புட் ஒய்’ வைத்தால் இரண்டு சேனலுக்கும் அதுவே போய்விடும், தனி ஒய் கேபிள் வேண்டாம்.

இனி முக்கியமான சமாச்சாரம். இதன் சென்சிடிவிட்டியை 1.4 வோல்ட், 0.775 வோல்ட் என இரண்டு விதமாக வைக்கலாம். 0.775-ல் சத்தம் சுமார் 5 டெசிபெல் கூடும். பலர் அதைப் பார்த்து மயங்கி அங்கேயே விட்டுவிடுகிறார்கள். மிக்சரின் ‘உஸ்’ இரைச்சலும் அதே 5 டெசிபெல் கூடும். ஆலாபனை நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது அப்பட்டமாகக் கேட்கும். 1.4-ல் வையுங்கள்.

அதோடு வேலை முடியவில்லை. பெரும்பாலான மிக்சர்களில் மீட்டர் பூஜ்யம் காட்டும்போது வெளிவருவது 1.23 வோல்ட். ஆம்ப்பின் குமிழ் முழுக்கத் திறந்திருந்தால், முழு பவருக்கு மிச்சம் வெறும் 1 டெசிபெல். மிருதங்க அடியோ சராசரியைவிட 12 டெசிபெல் எகிறுவது சர்வசாதாரணம். அதற்குப் பதினாறு மடங்கு பவர் வேண்டும். உடையாமல் என்ன செய்யும்? அதனால் குமிழை மூடி வைத்துவிட்டு, வித்வானை உச்ச வேகத்தில் வாசிக்கச் சொல்லி மிக்சரைச் சரிசெய்தோம். பிறகுதான் குமிழை மெல்லத் திறந்தோம். பாதிக்குக் கீழேயே கடைசி வரிசைக்குப் போதுமான சத்தம் வந்துவிட்டது. கிளிப் விளக்கு எரியவில்லை. தொப்பி கும்மென்று விழுந்தது, வலந்தலையில் சாப்பு மணியாகக் கேட்டது. உள்ளே லிமிட்டர் இருக்கிறது, ஆன் செய்தே வைக்கலாம். ஆனால் அது ஸ்பீக்கரைக் காக்கத்தான். அதை நம்பிக் குமிழைத் திருகினால் வாசிப்பின் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

“பிரிட்ஜ் போட்டா இன்னும் தூக்கும் சார்” என்றார் கூட இருந்த மைக்செட்காரர். தூக்கும். 8 ஓம் பாக்ஸ் இரண்டைப் பேரலலாகப் போட்டு பிரிட்ஜ் செய்தால் 4 ஓமில் 1550 வாட். அவ்வளவையும் தாங்கும் பாக்ஸ் சின்ன ஹால்களில் இருப்பதில்லை. காயில் கருகிவிடும்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 15 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தால் போய்வர சுமார் 0.34 ஓம். 4 ஓம் லோடில் பாக்ஸுக்குப் போய்ச் சேரும் பவரில் ஏறக்குறைய 15 சதவீதம் அடிபடும். 2.5 ஒயரில் அது 10 சதவீதமாகக் குறையும். அதையும்விட நல்லது ஆம்ப்பை பாக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து, எக்ஸ்எல்ஆர் கேபிளை நீளமாக இழுப்பது. அப்படிச் செய்ததில் எங்களுக்கு ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தது. மிக்சர் ஒரு பிளக்கிலும் ஆம்ப் ஹாலின் மறுகோடியில் வேறு பிளக்கிலும் இருந்தன. இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுத்ததும் ஹம் போய்விட்டது. ஹம்மை நிறுத்த எர்த் பின்னை உடைத்துப்போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஈர வேட்டியோடு மேடையேறும் பஜனைக்காரர் கையில் அந்த செட்டின் மைக் இருக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

குறைகள்: சூடேறினால் மின்விசிறிச் சத்தம் கேட்கும், தம்பூராவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. முன்பக்கக் குமிழ்களுக்கு மூடி இல்லை, போகிற கை திருகிவிடும். இன்சுலேஷன் டேப் ஒட்டினோம்.

கோயில் திருவிழாவுக்குத் தெரு நெடுக ஸ்பீக்கர் கட்டுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. 100 வோல்ட் லைன் முனை இதில் இல்லை. அந்த வேலைக்கு அகூஜா மாதிரியான பி.ஏ. ஆம்ப்தான். 250 வாட்டை 4 ஓமில் அனுப்பினால் ஒயரில் சுமார் 8 ஆம்பியர் ஓடும், 100 வோல்ட் லைனில் 2.5 ஆம்பியர்தான். நீண்ட தெருவுக்கு மெல்லிய ஒயரே தாங்கும். ஹாலுக்கு மட்டும் என்றால் தயங்காமல் கிரவுனை வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த செட் என்றால், நம்ம 230 வோல்ட்டுக்கு உரியதுதானா என்று பின்பக்கம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.