பென்ஹர்: போர்க்களங் கண்டவர் படைத்த உரோம உலகம்

வரலாற்று நாவலை எடைபோடுவோர் இருவகைத் தவறுகளுக்கு ஆளாவதுண்டு. ஒருசாரார் நாவலை வரலாற்று நூலெனவே கொண்டு, செய்தி பிழைத்தவிடத்து அதனை முற்றாகப் புறந்தள்ளுவர். மறுசாரார் கதைச் சுவையில் மயங்கி, அதிற் கூறப்பட்டவை யாவும் நிகழ்ந்தனவே என நம்பிவிடுவர். அமெரிக்க ஆசிரியர் லூ வலஸ் 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பென்ஹர்' இவ்விரு சாராரிடமும் அகப்பட்டு இடருற்ற நூலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவல்களுள் மிகப் பெருந்தொகையாக விற்பனையானவற்றுள் ஒன்றான இதனை, இன்று படித்தவரினும் திரைப்படமாகப் பார்த்தவரே மிகப் பலர். இந்நூல் காட்டும் உரோமப் போர்கள் எவ்வளவு மெய்யானவை, பிழைகளுக்கு நடுவேயும் நூலை வாழவைப்பது யாது என்னும் இரு வினாக்களும் சேர்த்தே ஆராயத்தக்கன.

விடை காண்பதற்கு ஆசிரியரது வாழ்க்கையை ஓரளவு அறிதல் வேண்டும். வலஸ் 1827இல் இந்தியானா மாநிலத்திற் பிறந்தவர். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராயிருந்தவர். மைந்தரோ இளமையிலேயே மெக்சிக்கோப் போருக்குத் தொண்டராகச் சென்றார்; பின்னர் சட்டத்தொழில் புரிந்தார். 1861இல் உள்நாட்டுப்போர் மூண்டபொழுது வடவர் படையிற் சேர்ந்து, மறு ஆண்டிலேயே மேஜர் ஜெனரல் பதவியை எய்தினார். அப்பொழுது அவருக்கு வயது 34.

அவ்வுயர்வு நிலைக்கவில்லை. 1862 ஏப்பிரில் 6ஆந் திகதி ஷைலோ என்னுமிடத்திற் பெரும்போர் தொடங்கியது. சில மைல் வடக்கே தம் பிரிவுடன் நின்ற வலசுக்கு, களத்துக்கு வருமாறு தளபதி கிரான்ற் கட்டளை அனுப்பினார். படையின் வலப்பக்கத்தைச் சென்றடையும் பாதையொன்றை வலஸ் தேர்ந்துகொண்டார். ஆனால், அவ்வலப்பக்கம் அதற்குள் பின்தள்ளப்பட்டு இடம்மாறிவிட்டது. பாதி வழியில் திரும்பி வேறு பாதை பற்றவேண்டியதாயிற்று. களத்தை அடைந்தபொழுது இருள் சூழ்ந்துவிட்டது. மறுநாட் போரில் அவருடைய பிரிவும் பங்குகொள்ள, வடவர் வென்றனர். எனினும், இரு பக்கத்தும் 23,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போன அப்போரின் பழியிற் பெரும்பங்கு வலசின் தலையிற் சுமத்தப்பட்டது; அவர் படைத்தலைமையையும் இழந்தார். கட்டளை எவ்வாறு கூறப்பட்டது என்பது பற்றிய வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. 1864 யூலை 9ஆந் திகதி மொனோக்கசி ஆற்றங்கரையில் தம்மினும் இருமடங்குக்கு மேற்பட்ட படையை எதிர்த்து அவர் தோற்றார். ஆயினும் பகைவரை ஒருநாள் தடுத்து வொசிங்ரன் நகரைக் காத்தார். அதன் பின்னரும் ஷைலோவின் கறை அவரை விட்டகலவில்லை. 1885இல் வெளிவரத் தொடங்கிய கிரான்றின் நினைவு நூலிலே, பின்னர்க் கிடைத்த கடிதமொன்று தம் கருத்தைப் பெரிதும் மாற்றியதாக ஓர் அடிக்குறிப்பு இடம்பெற்றது. இருபதாண்டுகளுக்கு மேலாகத் தம் பெயரை மீட்க முயன்றவருக்குக் கிடைத்தது அந்த அடிக்குறிப்பு ஒன்றே.

இனி நாவலை நோக்குவோம். யெருசலேமிலே செல்வக் குடியிற் பிறந்த யூதா பென்ஹர், உரோம ஆளுநன் வலேரியஸ் கிராத்துஸ் வீதியிற் செல்வதை மாடத்திலிருந்து குனிந்து பார்க்கிறான். கையூன்றிய ஓடு பெயர்ந்து ஆளுநன்மேல் விழுகின்றது. பாலிய நண்பனான மெசாலாவே அவனைச் சுட்டிக் காட்டிக் கொடுக்கிறான். விசாரணை எதுவுமின்றி யூதா கப்பல் துடுப்பு வலிக்க அனுப்பப்படுகிறான். தாயும் தங்கையும் சிறைப்படுகின்றனர். எண்ணாது நேர்ந்த ஒரு பிழை, எண்ணிச் செய்த குற்றமாகக் கொள்ளப்பட்டு ஒரு வாழ்வையே அழிக்கின்றது. கதையின் வித்து இதுவே.

வரலாற்றாசிரியர் கூறும் குறைகள் மெய்யானவை. உரோமக் கடற்படையில் துடுப்பு வலித்தோர் பெரும்பாலும் ஊதியம் பெற்ற சுதந்திர மக்களேயன்றி விலங்கிடப்பட்ட குற்றவாளிகளல்லர். குற்றவாளிகளைத் துடுப்பிற் பிணிக்கும் வழக்கம் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளின் மத்தியதரைக் கடலுக்குரியது. கதையில் வரும் பெருங் கடற்கொள்ளைப் போரும் அக்காலத்துக்குப் பொருந்துவதன்று. கி.மு. 67இல் பொம்பேயு சில மாதங்களிலேயே கொள்ளையரை அடக்கினான். பின்னர் அகுஸ்துஸ் நிலையான கடற்படைகளை அமைத்தான். திபேரியுஸ் காலத்தில் அக்கடல் பெரும்பாலும் அமைதியுற்றிருந்தது. யூதேயா ஆளுநனுக்கு நூலில் வழங்கும் பதவிப் பெயரும் ஐயத்துக்குரியது. 1961இல் செசரியாவிற் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, கிராத்துசுக்குப் பின்வந்த பிலாத்துவை வேறு பதவிப் பெயராலேயே குறிக்கின்றது. ஆனால் இக்கடைசிப் பிழைக்கு 1880இல் எழுதியவரைக் குறைகூறுதல் முறையாகாது.

இவ்வாறெல்லாம் பிழைபட்ட அக்கடற்போரே நூலின் சிறந்த பகுதியாயிருத்தல் வியப்புக்குரியது. காரணம் அது சொல்லப்படும் இடமாகும். போரை மேற்றளத்தில் நிற்கும் தலைவன் கண்ணாற் காட்டாது, கீழ்த்தளத்தில் துடுப்புப் பிடித்திருப்பவன் செவியால் ஆசிரியர் உணர்த்துகிறார். மோதலின் அதிர்ச்சி, தலைக்கு மேலே ஓடும் காலடிகள், புகைநாற்றம், திடீரென மேலிருந்து வந்து விழும் ஓருடல் ஆகியன கொண்டே போரின் போக்கை அவன் ஊகிக்கவேண்டியவன். வெல்வது யார், தோற்பது யார் என அறியான். போர்முழக்கம் கேட்டும் களம் எங்கே பெயர்ந்தது என அறியாது காட்டுப்பாதையில் ஒரு பிற்பகல் முழுதும் நடந்த படைத்தலைவருக்கு இந்நிலை நன்கு தெரிந்ததொன்று. உரோமக் கப்பலைப் பற்றி அவர் அறிந்தது நூல்வழி. போரிலுள்ளவனின் அறியாமையை அவர் அறிந்தது அனுபவவழி. முன்னது பிழைத்தது, பின்னது பிழைக்கவில்லை.

நூலின் பிற்பகுதியில், உரோமரிடமே போர்ப்பயிற்சி பெற்ற யூதா, கலிலேயரைத் திரட்டி உரோம முறைப்படி படைகளை அமைக்கின்றான். இது வெறுங் கற்பனை எனத் தள்ளத்தக்கதன்று. கி.பி. 66இல் மூண்ட யூதர் போரிலே கலிலேயாவுக்குத் தலைமை பூண்ட யோசேபு, தன் படையை உரோமர் முறையில் வகுத்துப் பயிற்றியதாகத் தானே எழுதியுள்ளான். அவன் 67இல் உரோமரிடம் சரணடைந்தான். 70இல் யெருசலேம் ஆலயம் எரிந்தது. இவ்வழிவை அறிந்த வாசகருக்கு, யூதாவின் படைகள் போர் தொடுக்காமலே முடிவது பெரும் பொருளுடையதாகின்றது. அவன் எதிர்பார்த்த அரசர் வாளேந்தி வரவில்லை, சிலுவையில் மாண்டார். படைத்தலைவர் ஒருவர் எழுதிய நாவல், ஒரு படையைக் கட்டியெழுப்பி அதனைப் பயன்படுத்தாமலே விடுகின்றது.

எனினும் நூலின் அறநோக்கு முழுமையானதன்று. புகழ்பெற்ற தேரோட்டத்தில், மெசாலாவின் தேர்ச் சக்கரத்தைத் தன் அச்சு முனையால் வேண்டுமென்றே உடைப்பவன் யூதாவே. 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் இதனை மறைத்து, சக்கரத்திற் கூரிய கருவி பூட்டும் வஞ்சகத்தை மெசாலாவுக்கு ஏற்றிவிட்டது. வலஸ் செயலை மறைக்கவில்லை. ஆனால் அதனைக் கண்டிக்கவுமில்லை. அறியாது ஓடு வீழ்த்தியவன் அறிந்தே சக்கரம் உடைப்பவனாக மாறிய அம்மாற்றமே கதையின் ஆழ்ந்த துயரமாகியிருக்க வேண்டும். ஆசிரியர் அவ்விடத்து நின்று நோக்காது, வெற்றியின் ஆரவாரத்திற் கலந்துவிடுகிறார். தீங்கிழைக்கப்பட்டவன் இழைக்கும் தீங்கைக் காண அவர் கண் கூசிற்றுப் போலும்.

யூதாவே வலஸ் என்றும், ஓடே ஷைலோ என்றும் கணக்கிட்டுச் சொல்வது எளிமைப்படுத்தலாகும். நாவல் ஒருவரது முறையீட்டு மனுவன்று. ஆயினும், விசாரியாது வழங்கிய தீர்ப்பின் வடு அறிந்த ஒருவர் எழுதியமையால், அவ்வநீதியைக் கூறும் பக்கங்கள் உயிர்ப்புடன் விளங்குகின்றன. அவ்வடுவே தேரோட்டத்தில் அவர் கண்ணையும் மறைத்தது. உரோம வரலாறு கற்க விரும்புவோர் வேறு நூல்களை நாடுக. அநீதிக்குட்பட்ட மனம் எவ்வளவு தெளிவாகக் காண்கிறது, எவ்விடத்துக் காணத் தவறுகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு, பிழைகள் மலிந்த இந்நூல் இன்றும் கற்கத்தக்கதே.