உளநெருக்கடியும் உரையாடலும்: மேற்கு லாப்லாந்து முறை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

குடும்பமே உளநோயின் விளைநிலம் என்னும் கருத்து 1960களில் முற்போக்காளரிடையே பெருஞ் செல்வாக்குப் பெற்றிருந்தது. லெய்ங்கும் எஸ்டர்சனும் 1964இல் வெளியிட்ட ஆய்வு, பித்தெனத் தள்ளப்பட்ட பேச்சு குடும்பச் சூழலில் வைத்து நோக்குகையில் பொருளுடையதே எனக் காட்டிற்று. அது பெரும்பணியே. ஆயினும் அதனால் குடும்பம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது; அப்பழியைப் பெரிதும் சுமந்தோர் தாய்மாரே.

பின்லாந்தின் வடபுலத்தே, தோர்னியோ நகரின் கெரோபுடாஸ் வைத்தியசாலையில் உருவான முறை இவ்விடத்திலேயே வேறுபடுகின்றது. நோயாளர் இல்லாவிடத்து அவரைப் பற்றி உத்தியோகத்தர் கூடி முடிவெடுக்கும் வழக்கம் அங்கு 1984இல் கைவிடப்பட்டது. யாக்கோ செய்குலாவும் சகபாடிகளும் பின்னர் 'திறந்த உரையாடல்' என அழைத்த இம்முறையில், நெருக்கடி பற்றி அறிவிக்கப்பட்டு 24 மணித்தியாலத்துள், பெரும்பாலும் நோயாளரின் வீட்டிலேயே, உறவினரும் அவருக்கு வேண்டியோரும் கூட்டப்படுகின்றனர். வைத்தியரும் தாதியரும் தம் கருத்து வேறுபாடுகளையும் அனைவரும் கேட்கவே பேசுகின்றனர். பிரமையிற் பிறந்த சொல்லும் ஒரு குரலாக மதிக்கப்படுகின்றது. அவசர முடிபு தவிர்க்கப்படுகின்றது. நாவலை விளக்கப் பக்தின் வகுத்த பல்குரற் கொள்கை நோயாளரின் வீட்டுக் கூடத்தை வந்தடைந்தமை, இலக்கிய மாணவராகிய எமக்குத் தனிமகிழ்வு தருவதொன்று.

ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 82 பேரிடம் நோய்க்குறிகள் எஞ்சியிருக்கவில்லை என 2006இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. ஆராயப்பட்டோர் சில பத்துப் பேரே. எழுமாற்று ஒப்பீடு இல்லை. சிகிச்சையளித்த குழுவினரே அளந்தும் உள்ளனர். ஆர்வலர் பலர் இவற்றை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

எமது ஐயம் வேறிடத்தது. அங்குள்ள உத்தியோகத்தர் நீண்டகாலக் குடும்பச் சிகிச்சைப் பயிற்சி பெற்றோர். செலவைப் பொதுநிதி ஏற்கின்றது. இவ்வடித்தளத்தை நீக்கி உறவுவலையை மட்டும் போற்றின், அரசு தன் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில், அதாவது பெண்களின் தலையில், இறக்கிவைக்க அது வழிவகுக்கும். 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அமெரிக்காவில் வைத்தியசாலைகள் வெறுமையாக்கப்பட்டன. அவற்றினிடத்தைக் கொள்ளவிருந்த சமுதாய நிலையங்களிற் பல கட்டப்படவேயில்லை.

இன்னுமொன்று. வட்டமாக அமர்ந்தோர் யாவரும் சமமாகப் பேசவல்லரா? தன்னை அடிப்பவன் அருகே அமர்ந்திருக்கும் பெண்ணின் மௌனத்தை அக்கூட்டம் எவ்வாறு கேட்கும்? தனித்துப் பேச அவள் விரும்பின், யாவும் யாவர் முன்னிலையிலும் என்னும் விதி அவளுக்கே பகையாகின்றது. செய்குலாவின் எழுத்துக்களில் நாம் முதலில் தேடவேண்டியது இதற்கான விடையையே.