திறக்கப்படாத பாதி

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அன்னவாசல், இலுப்பூர், குடுமியான்மலை என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணினி வந்தது அந்தத் திட்டத்தால்தான். அப்பா கொத்தனார், அம்மாவுக்கு நூறுநாள் வேலை, பிள்ளையின் மடியில் கணினி. இத்திட்டத்தைக் குறை சொல்ல வருகிற எவரும் இந்த நன்மையை முதலில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

பல ஆண்டுகளில் வந்த மாடல்களில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ், மற்றது பாஸ் லினக்ஸ். எது வேண்டுமென்று அம்புக்குறியை நகர்த்திச் சில நொடிகளுக்குள் சொல்ல வேண்டும். நான் அறிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பாஸை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடியவர்கள். அதன் பிறகு அந்தப் பாதி திறக்கப்படவே இல்லை.

விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா என்பது கணினி படித்தவர்களிடையே ஓயாத வாதம். மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அது சொந்த விருப்பம். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்வார். அன்னவாசல் மாணவிக்கு அந்த வசதி கிடையாது. அவளுக்கான தேர்வை அரசும் பாடநூலும் கணினிக் கடைக்காரரும் சேர்ந்து முன்கூட்டியே செய்துவிடுகிறார்கள். அதனால் அந்தத் தேர்வு எப்படிச் செய்யப்பட்டது, அதில் எது சரி, எது பிழை என்று எடைபோட வேண்டியிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லினக்ஸைக் கொடுத்தது சரியான முடிவு. கொடுத்ததோடு விட்டுவிட்டது பெரிய பிழை.

சரியான முடிவு என்பது ஏன்

பாஸ் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. இந்திய மொழிகளில் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. தமிழக அரசுக்கும் லினக்ஸ் புதிதல்ல. அதன் எல்காட் நிறுவனம் 2006-க்குப் பின் தன் கணினிகளில் சூசே லினக்ஸுக்கு மாறியது. ஆக, மாணவர்களுக்கு லினக்ஸ் கொடுப்பதற்குப் பின்னால் ஒரு சிந்தனை இருந்தது.

அந்தச் சிந்தனைக்கு நான்கு பலன்கள் உண்டு. முதலாவது, உரிமக் கட்டணம் இல்லை. இரண்டாவது, நிரல் எழுதக் கற்பவருக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது, அல்லது ஒரே கட்டளையில் வந்துவிடுகிறது. சி++ கம்பைலர், பைத்தான், எடிட்டர் எதையும் காசு கொடுத்தோ திருட்டுப் பிரதியாகவோ தேட வேண்டியதில்லை. மூன்றாவது, வைரஸ் தொல்லை குறைவு. பத்து வருடத்துக்கு முன் பள்ளி லேபுக்கும் பிரவுசிங் சென்டருக்கும் பென் டிரைவ் கொண்டுபோனவர்களுக்கு ‘ஷார்ட்கட் வைரஸ்’ நினைவிருக்கும். உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். ப்ராஜெக்ட் போச்சு என்று பிள்ளைகள் அழுவார்கள். அதே பென் டிரைவை லினக்ஸில் செருகினால், வைரஸ் மறைத்து வைத்த அசல் கோப்புகள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் மதிக்கிற ‘மறைவு’ முத்திரையை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை, அவ்வளவுதான். தன் மடிக்கணினியின் மறுபாதியிலேயே தீர்வு இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

நான்காவது பலன்தான் இன்று மிக முக்கியமானது: ஆயுள். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் குறைந்தது 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாஃப்ட் ஏற்ற புதிய தலைமுறைப் பிராசசர் எல்லாம் வேண்டும். திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கும் அந்தப் பெட்டிகளில் இன்று பாதுகாப்பாக ஓடக்கூடியது லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் ஒன்றுதான். அக்கா வாங்கிய மடிக்கணினியில் தம்பி பைத்தான் படிக்கலாம். ஏழை வீட்டுக்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை.

விண்டோஸின் நியாயம்

இத்தனை நன்மை இருந்தும் பிள்ளைகள் ஏன் விண்டோஸையே திறந்தார்கள்? விளம்பர மயக்கம், மைக்ரோசாஃப்டின் சதி என்று லினக்ஸ் ஆர்வலர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகள் செய்தது அறிவான காரியம். இயங்குதளத்தோடு சேர்த்து அதைத் தெரிந்த மனிதர்களையும் பார்த்துத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

விண்டோஸில் சிக்கல் வந்தால் கேட்க ஆளிருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் இருக்கிறார், தமிழில் யூடியூப் வீடியோ இருக்கிறது, பேருந்து ஏறினால் புதுக்கோட்டையில் கடை இருக்கிறது. “அண்ணே, லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு” என்று போய் நின்றால், “வச்சுட்டுப் போ தம்பி, ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுத் தர்றேன், சாயங்காலம் வா” என்று பதில் வரும். மாலையில் கணினி வேகமாக ஓடும். பாஸ் இருந்த பகுதி காணாமல் போயிருக்கும், உரிமம் பெற்ற விண்டோஸுக்குப் பதில் திருட்டுப் பிரதி வந்திருக்கும். ஆனால் மறுநாள் ரெக்கார்டு நோட்டு வேலை நடக்கும். இதற்காகக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் கற்றுக்கொண்ட தொழில் அது. பாஸில் வைஃபை வேலை செய்யவில்லை என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வது என்று அவருக்கு எந்தப் பயிற்சியும் யாரும் கொடுக்கவில்லை.

லினக்ஸின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில பிரிண்டர்களுக்கு டிரைவர் கிடைப்பதில்லை. அலுவலகங்களில் புழங்கும் வேர்டு கோப்புகளைத் திறந்தால் பக்க அமைப்பு கலைகிறது. இணையம் இல்லாத வீட்டில் புதிய மென்பொருள் நிறுவுவது பெரும்பாடு. செட்டப் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து இருமுறை சொடுக்கினால் போதும் என்கிற விண்டோஸ் பழக்கம் இங்கே எளிதில் கைகொடுக்காது. திட்டம் தொடங்கிய காலத்தில் அன்னவாசல் பகுதி வீடுகளில் இணையம் அரிது. அந்த நிலையில் பாஸ் பலருக்கும் பயனற்ற பொருளாகத்தான் தெரிந்திருக்கும்.

பாடநூல் போட்ட முடிச்சு

கேட்டுத் தெரிந்துகொள்ள மனிதர்கள் கிடைக்காத இடத்தில் வழிகாட்டும் வேலையைப் பாடநூல் செய்திருக்கலாம். 2018-19-இல் பதினொன்றாம் வகுப்புக்கும், 2019-20-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தானும் எஸ்கியூஎல்லும் நுழைந்தன. இது உண்மையான பாய்ச்சல். அதற்கு முந்தைய புத்தகத்தில் ஸ்டார் ஆஃபீஸும், டர்போ சி++ காலத்து எழுத்துமுறையும் இருந்தன. டர்போ சி++ 1990-களின் தொடக்கத்தில் டாஸ் கணினிக்காக வந்த கருவி. சி++ மொழிக்கு உலகத் தரம் வகுக்கப்பட்டது 1998-இல். அதற்கு முந்தைய முறையில் தலைப்புக் கோப்புகளையும் மெயின் செயற்கூற்றையும் எழுதிப் பழகிய மாணவர், எந்த நவீன கம்பைலரிலும் முதல் வரியிலேயே பிழைச் செய்தியைச் சந்திப்பார். சில கல்லூரி லேப்களில் இன்றும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாக டர்போ சி++-இன் நீலத் திரையைத் திறந்துவைத்துப் பாடம் நடத்துகிறார்கள். மாணவருக்கு அது கற்றுத்தருவது மொழியை அல்ல, மறைந்துபோன ஒரு கருவியின் வினோதங்களை.

புதிய புத்தகம் அங்கிருந்து வெளியே வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் அது கருவியை விட்டு மொழிக்கு முழுமையாக வந்துசேரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில், சி++ நிரலைப் பைத்தான் வழியாக ஓட்டும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பைத்தான் நிரல் சி++ கோப்பின் பெயரை வாங்குகிறது, ஜி++ கம்பைலரை அழைக்கிறது, கிடைத்த கோப்புக்கு எக்ஸே என்ற பின்னொட்டைச் சேர்க்கிறது, பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஓட்டுகிறது. விண்டோஸில் இது நடக்கும். இதே நிரலை மாற்றாமல் லினக்ஸில் கொடுத்தால் கம்பைல் ஆகும், ஆனால் கடைசி வரியில் ‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்று நின்றுவிடும். நிற்கும் ஃபோல்டரில் உள்ள நிரலை ஓட்டுவதற்கு லினக்ஸில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் வேண்டும். வேண்டியது இரண்டே குறிகள். ஏன் அப்படி என்று விளக்க ஒரு பத்தி போதும். ஒரு இயங்குதளம் நிரலை எங்கே தேடுகிறது என்ற அடிப்படைப் பாடமே அந்தப் பத்திக்குள் அடங்கிவிடும். அது இல்லாததால், பாஸில் முயன்று பார்த்த மாணவி தன் நிரல் தவறு என்று நினைப்பாள், அல்லது லினக்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டுவாள்.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் லினக்ஸுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அங்கே விளக்கப்படுவது உபுண்டு, அதுவும் திரையின் ஓரத்தில் நிற்கும் சின்னங்களின் பெயர்ப் பட்டியலாக. அந்த யூனிட்டி முகப்பை உபுண்டு 2017 அக்டோபரிலேயே கைவிட்டுவிட்டது. ஆக, புத்தகத்தில் ஒரு லினக்ஸ், மடிக்கணினியில் வேறொரு லினக்ஸ், செய்முறைத் தேர்வில் விண்டோஸ். ஆசிரியர் எதைத்தான் நடத்துவார்? சின்னம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். கோப்பு, பாதை, அனுமதி, கட்டளை ஆகிய நான்கும் மாறுவதில்லை. அவற்றைச் சொல்லிக்கொடுத்திருந்தால் விண்டோஸ், பாஸ், உபுண்டு மூன்றும் கைவசமாகியிருக்கும்.

தமிழுக்கு எது துணை

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பேஜ்மேக்கர் பாடம் இருக்கிறது. அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வெளியானது. அது யூனிகோடு அறியாத மென்பொருள். காதணி விழாப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடிக்கிற டிடிபி சென்டர்களில் அது இன்னும் ஓடுகிறது என்பது உண்மைதான். பிழைப்புக்கு உதவும் என்ற நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் யூனிகோடைத் தமிழக அரசே 2010-இல் தரமாக ஏற்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, தமிழை யூனிகோடில் எழுத முடியாத கருவியை அரசுப் புத்தகமே கற்பிப்பது எப்படிப் பொருந்தும்? அதில் அடித்த தமிழை இணையத்தில் தேட முடியாது, எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவும் முடியாது. கட்டணமற்ற ஸ்கிரைபஸ் யூனிகோடை அறியும், இரண்டு இயங்குதளங்களிலும் ஓடும்.

நிரல் எழுதுவதிலும் தமிழுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க அனுமதிக்கிறது. ‘மதிப்பெண் = 87’ என்று எழுதினால் அது செல்லுபடியாகும் பைத்தான் வரி. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழில் எழுதிவருகிறது. இவை எல்லாம் தன்னார்வலர்களின் உழைப்பு. கணினித் தமிழுக்காக ஆசிரியர்களே முகாம் நடத்திய மாவட்டம் புதுக்கோட்டை. இங்கேகூட இந்த உழைப்பும் வகுப்பறையும் சந்திக்காமலே இருக்கின்றன.

பக்கத்து மாநிலம்

கேரளத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற பெயரில் தொடங்கி, 2017 முதல் ‘கைட்’ நிறுவனமாக இயங்கும் அமைப்பு, பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அங்கே பாடநூல், செய்முறைத் தேர்வு, லேப் மூன்றும் ஒரே இயங்குதளத்தில் அமைந்தன. உபுண்டுவைத் தங்கள் பாடத்துக்கேற்பத் தைத்துக்கொண்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் குழுக்களையும் அமைத்தார்கள். ஒரே இயங்குதளத்தை மேலிருந்து விதிப்பதில் குறை உண்டு. வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ் இருந்தால் மாணவர் மறுபடி பழக வேண்டும். ஆனாலும் அங்கே லினக்ஸ் வாழ்கிறது. மென்பொருளோடு மனிதர்களையும் சேர்த்து அனுப்பியதுதான் காரணம்.

நாம் இரண்டு இயங்குதளங்களைக் கொடுத்தோம். அது கேரளத்தைவிடத் தாராளமான மனம். ஒன்றை விதிக்காமல் இரண்டையும் பழகட்டும் என்ற எண்ணம் உயர்ந்ததுதான். ஒரே பெட்டியில் இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும் வாய்ப்பு உலகில் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது? அந்த வாய்ப்பைப் பாடமாக்காமல் விட்டதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மறுபடி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. செய்ய வேண்டியவை செலவு மிக்கவை அல்ல. பாடநூலின் ஒவ்வொரு நிரலையும் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டிப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். செய்முறைத் தேர்வை எந்த இயங்குதளத்திலும் எழுதலாம் என்று ஆணையிட வேண்டும். ஒன்றியத்துக்கு ஒரு ஆசிரியரையும், விருப்பமுள்ள ஒரு கணினிக் கடைக்காரரையும் சேர்த்தே பயிற்சிக்கு அழைக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் கணினியை உயிரோடு வைத்திருப்பவர் கடைக்காரர்தான். பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுக்கும் முகாமை ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளி வளாகத்தில் நடத்த வேண்டும். அன்னவாசல் ஒன்றியத்திலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம். கொடுத்த பெட்டிகளை எண்ணிக் கணக்குச் சொன்னது போதும். அவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன என்று இனி கேட்போம்.