தரிப்பிடத்தின் அடியில் ஒரு தேவாலயம்: வில்லியம்ஸ்பேர்க் அகழ்வு பற்றிய ஒரு மதிப்பீடு

தொல்லியற் சான்றுகள் நடுநிலையானவை என்ற எண்ணம் ஆய்வுலகில் இன்னும் முற்றாக அகலவில்லை. மண்ணிற் புதைந்திருப்பது தானாகவே பேசும், அகழ்பவர் அதனைச் செவிமடுத்தாற் போதும் என்பதே அவ்வெண்ணத்தின் சாரம். ஆனால் எந்த நிலத்தை அகழ்வது, எந்தக் காலத்தைப் பேணுவது, எதனை அகற்றுவது என்பனவற்றை மண் தீர்மானிப்பதில்லை. நிலமும் நிதியும் எவர் கையில் உள்ளனவோ அவர்களே தீர்மானிக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பேர்க் நகரில் 2020 ஆம் ஆண்டு தொடங்கிய தேவாலய அகழ்வு இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகின்றது.

வில்லியம்ஸ்பேர்க், 1699 முதல் 1780 வரை வேர்ஜீனியாவின் தலைநகராக இருந்தது. 1926 ஆம் ஆண்டளவில் யோன் டி. ரொக்பெல்லரின் (இளையவர்) நிதியுதவியுடன் அந்நகரைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்திற்கு மீட்கும் பெருமுயற்சி ஆரம்பமாயிற்று. ஆளுநர் மாளிகையும் மன்றக் கட்டடமும் பழைய அடித்தளங்களின் மீது மீள எழுந்தன. ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரின் குடிசனத்திற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைகள். மாளிகைகளைத் தாங்கிய இவ்வுழைப்பு மீட்கப்பட்ட நகரின் தோற்றத்தில் நெடுங்காலம் உரிய இடம் பெறவில்லை.

இம்மக்கள் அமைத்த வழிபாட்டுச் சபையே முதலாவது பப்டிஸ்ற் தேவாலயமாகும். அது 1776 இல் தோன்றியதெனக் கொள்ளப்படுகின்றது. தொடக்கத்தில் இவர்கள் நகருக்கு வெளியே திறந்த வெளியிற் கூடி வழிபட்டனர். நகரின் விடுதியொன்றில் வேலைசெய்த அடிமையான கோவன் பம்ப்லெற் இச்சபையின் போதகராக விளங்கினார். பின்னர் நாசோ வீதியில் ஒரு கட்டடம் கிடைத்தது. 1831 இல் நற் ரேணர் தலைமையில் நிகழ்ந்த கிளர்ச்சியை அடுத்து, கறுப்பினத்தவர் போதனை செய்வதை வேர்ஜீனியாவின் சட்டம் தடைசெய்தது. 1834 இல் வீசிய சுழற்காற்று அக்கட்டடத்தையும் அழித்தது. 1856 இல் அதே நிலத்திற் செங்கற் தேவாலயமொன்று எழுந்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது. 1950களில் நகர் மீட்பு நிறுவனம் அந்நிலத்தை வாங்கியது, கட்டடம் இடிக்கப்பட்டது, சபை வேறு வீதிக்கு இடம்பெயர்ந்தது. 1965 இல் அவ்விடம் வாகனத் தரிப்பிடமாயிற்று.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது கால எல்லை பற்றிய பிரச்சினையாகும். மீட்பின் அளவுகோல் பதினெட்டாம் நூற்றாண்டு. 1856 இன் கட்டடம் அவ்வளவுகோலுக்குப் புறம்பானது. தோற்றத்தில் இது கல்விசார்ந்த நியமமே. ஆனால் அக்கட்டடத்திற் கூடியோரின் மரபு, மீட்பாளர் போற்றிய அதே காலத்தில், அதே நகரில் வேரூன்றியது. அடிமைகளின் வழிபாடு மரநிழலில் நடந்தது. அது மாளிகைகளைப் போல் அத்திவாரங்களை விட்டுச்செல்லவில்லை. எனவே கட்டடத்தைக் கொண்டு காலத்தை அளக்கும் முறை, கட்டடம் எழுப்பும் வசதி உடைய வர்க்கத்திற்கே சார்பானது. வரலாற்றைப் பேணுவதற்கெனத் தோன்றிய நிறுவனமே ஒரு மக்கட் பிரிவின் வரலாற்றை மூடியமைக்கு இம்முறையியலும் ஒரு காரணமாகும்.

2020 செப்ரெம்பரில் அந்நிறுவனமும் சபையின் வழித்தோன்றல்களும் இணைந்து அகழ்வைத் தொடங்கினர். 2021 ஒக்ரோபரில் முதற் கட்டடத்தின் செங்கல் அத்திவாரம் இனங்காணப்பட்டது. அதன் அளவு 16 அடிக்கு 20 அடி. சாதாரண வீட்டறையொன்றின் பரப்பு. அவ்விடத்திற் செங்கற் பாவின் அடியிற் கிடைத்த 1817 ஆம் ஆண்டு நாணயமொன்று அதன் காலத்தைக் கணிக்க உதவியது. அறுபதுக்கு மேற்பட்ட புதைகுழிகளும் வெளிப்பட்டன. அவற்றைத் திறப்பதா, எத்தகைய சோதனைகளை மேற்கொள்வது என்பன பற்றி வழித்தோன்றல்களின் விருப்பம் கேட்கப்பட்டது. அவர்களின் இசைவுடன் மூன்று குழிகள் மட்டுமே ஆராயப்பட்டன. எலும்பு ஆய்வும் மரபணு ஆய்வும், அங்கு அடக்கஞ் செய்யப்பட்டோர் ஆபிரிக்க வம்சாவளியினர் என 2023 ஏப்பிரலில் உறுதிப்படுத்தின.

இம்முயற்சியின் சிறப்பு அந்த இசைவிலேயே தங்கியுள்ளது. அறுபது குழிகளையும் திறந்திருப்பின் தரவுகள் பெருகியிருக்கும் என ஓர் ஆய்வாளர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் உயிரோடிருந்த காலத்தில் தம் உடல்மீதே உரிமையற்றிருந்தோரின் எலும்புகளை, அவர்தம் சந்ததியாரைக் கேளாது ஆய்வுப் பொருளாக்குவது பழைய உடைமை உறவின் தொடர்ச்சியாகவே அமையும்.

இதனால் குறைகள் இல்லையென்று கொள்வதற்கில்லை. நிலம் இன்றும் நிறுவனத்தினுடையது. தேவாலயத்தை இடித்த நிறுவனமே அகழ்வுக்கும் தலைமை தாங்கியது. முதற் கட்டடத்தை மீள எழுப்பும் திட்டத்திலும் அது பங்காளி. மீளெழும் அச்சிறு கட்டடம் உல்லாசப் பயணிகளின் பார்வைக்குரிய இன்னொரு காட்சியாகக் குறுகிவிடக்கூடிய ஆபத்தும் உண்டு. 1776 ஐப் பற்றிக் கூறும் அளவிற்கு 1950களின் இடிப்பையும் 1965 இன் தரிப்பிடத்தையும் அங்கு வருவோருக்கு எடுத்துரைத்தாலன்றி அவ்வாபத்து நீங்காது.

மக்கள் பங்குகொள்ளும் அகழ்வு எனப் பெயர்பெறும் எம்முயற்சியையும் மதிப்பிடுகையில், மண்வெட்டி பிடித்தோர் எத்தனை பேர் என எண்ணுவதோடு அமைதல் போதாது. தோண்ட வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்பதையும் கேட்டல் வேண்டும்.