பனிமனிதரும் பழிவாங்கும் கதையும்

1991ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் மலையில் நடந்துசென்ற தம்பதியர், பனியில் ஒரு மனித உடலைக் கண்டனர். ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் அவர் என்பது பின்னரே தெளிவாயிற்று. 'ஏட்சி' என உலகம் அழைக்கும் அவரை நாயகராக்கி, ஜெர்மானிய இயக்குநர் பெலிக்ஸ் ராண்டாவ் 2017இல் ஒரு திரைப்படம் தந்தார். அறிவியல் கண்டதைக் கலை எவ்வாறு கையாள வேண்டும் என்னும் வினாவை அப்படம் நம்முள் எழுப்புகிறது.

முதலில் அறிவியலின் சாட்சியத்தைக் கேட்போம். பல்லின் எனாமல் இளமையில் உருவாகிறது, பின்னர்ப் புதுப்பிக்கப்படுவதில்லை. எனவே குழந்தை பருகிய நீரின் வேதியியல் தடயம் அதில் நிலைத்துவிடுகிறது. அத்தடயத்தை அப்பகுதிப் பாறைகளோடும் நீரோடும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், உடல் கிடைத்த இடத்திற்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டருக்குள் அவர் வளர்ந்தார் என 2003இல் அறிவித்தனர். இரைப்பையில் காட்டாட்டுக் கொழுப்பும் செம்மான் இறைச்சியும் கோதுமையும் இருந்தமை 2018இல் வெளியாயிற்று. இடத் தோளில் புதைந்திருந்த அம்பு முனையை 2001இல் எக்ஸ்ரே காட்டியது.

எய்தவன் யார்? ஏன் எய்தான்? இங்கே வேதியியல் மௌனம் கொள்கிறது. படமோ உரக்கப் பேசுகிறது. ஏட்சிக்குக் 'கேலாப்' எனப் பெயரிட்டு, குடும்பத்தைக் கொன்றோரைத் தேடிப் பழிதீர்க்கப் புறப்படுபவராக அவரைக் காட்டுகிறது. மாந்தர் பேசும் பண்டைய ரேட்டிய மொழியை மொழிபெயர்க்காமல் விட்டது போற்றத்தக்கது. அம்மனிதர் நமக்கு அந்நியர் என்பதை அது பணிவோடு ஒப்புக்கொள்கிறது. அப்பணிவு கதையில் இல்லையே என்பதுதான் நம் குறை. வயிறார உண்ட சிறிது நேரத்தில் இறந்தவர் அவர். விலைமதிப்புள்ள செப்புக்கோடரியைக் கொன்றவன் கவரவில்லை. இப்புதிர்களின் ஆழத்தைப் பழிவாங்கல் என்னும் பழகிய சூத்திரம் தூர்த்துவிடுகிறது.

பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே என்பது எட்டாம் கட்டளை. மறுத்துரைக்க வாயற்ற இறந்தோருக்கும் அது பொருந்தாதா? கற்பனை கலைஞனின் உரிமை, நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒருகாலத்தில் உண்மையாகவே வாழ்ந்து மடிந்தவர்மேல் கொலைப்பழியைச் சுமத்துமுன் அது சற்றுத் தயங்க வேண்டும்.

இறந்தோரை அடக்கம் செய்வதைத் தோபித்து தம் அறமாகக் கொண்டார். நாமோ அறிவின்பொருட்டு இம்மனிதரைப் போல்சானோ அருங்காட்சியகத்தில், மைனஸ் 6 பாகைக் குளிரில், ஒரு சிறு சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்லறை தர இயலாத நாம், அவர் நற்பெயரையேனும் காப்போம்.