வித்துவான் மீட்டிய வீணை: எப்படி ரசிப்பது?

பெரிய வித்துவான் ஒருவர் வாசித்த பழைய வீணையை ரசிக்க, அவர் பெயரை விட்டு மரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று வழங்கும் தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டு அமைப்பு 17ஆம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது. வாசிப்புத் தந்திகள் நான்கு, தாளத் தந்திகள் மூன்று. குடமும் (ஒலிப்பெட்டி) தண்டியும் (கழுத்துப் பகுதி) பலாமரம். முழுவதும் ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை. பகுதிகளாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஏகாண்ட வீணையில் குடத்திலிருந்து தண்டிவரை மரத்தின் ரேகை முறியாமல் ஓடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தேய்மானம். மெட்டுகள் தேன்மெழுகும் கரியும் கலந்த கலவையில் பதிந்திருக்கும். மெழுகு நாளடைவில் கெட்டுப்போவதால் அதை நீக்கி மெட்டுகளைப் புதிதாகப் பதிப்பார்கள்; இதை மேளம் கட்டுதல் என்பார்கள். தந்தியும் அதை முறுக்கும் பிருடையும்கூட மாறும். ஆகவே மெட்டுகளை மட்டும் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. வலக்கை படிந்து மெருகேறிய குடத்தின் விளிம்பு, இடக்கைக் கட்டைவிரல் ஓடிய தண்டியின் பக்கம் ஆகியவையே நெடுநாள் வாசிப்புக்குச் சாட்சி.

வாசிப்பு முறையையும் அறிந்திருக்க வேண்டும். வீணை தனம்மாள் (1867–1938) விரலில் கம்பி வளையம் மாட்டாமல் நகத்தால் மீட்டியவர். எஸ். பாலசந்தர் (1927–1990) ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களை எழுப்பியவர். இப்படி இழுக்கத் தந்தியின் இறுக்கமும் மெட்டின் உயரமும் அதற்கேற்ப அமைய வேண்டும். ஒருவருடைய இசைத்தட்டைக் கேட்டபின் அவருடைய வீணையைப் பார்த்தால் அந்த அமைப்பின் காரணம் விளங்கும்.

வீணைக்குச் சொல்லப்படும் வித்துவானின் பெயரை ஏற்பதற்குச் சான்று தேவை. கச்சேரிப் புகைப்படத்தில் தெரியும் மர ரேகை, கீறல், யாளிமுகத்தின் செதுக்கு ஆகியவற்றைக் கையிலுள்ள வீணையோடு ஒப்பிட வேண்டும். வீணை கைமாறிய வரிசை இடையில் அறுபடாமல் இருப்பது அதைவிட வலுவான சான்று. வேறு இசைக்கருவியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேன் 1993இல் தொலைக்காட்சியில் வாசித்த 1959ஆம் ஆண்டு மார்ட்டின் கிட்டார், 2020இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த நிகழ்ச்சியின் பதிவு உலகமே பார்த்த ஒன்று என்பதால் அந்தக் கிட்டாரின் வரலாற்றில் ஐயத்துக்கு இடமில்லை.

வாங்குவோர் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பழைய வீணைகள் பலவற்றில் யானைத் தந்தம் பதித்திருக்கும். தந்த வணிகத்துக்குத் தடை உண்டு. 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடந்தராது.

வாங்கியபின் பராமரிப்பும் முக்கியம். முதலிபாளையம் போன்ற கொங்குநாட்டு ஊர்களின் வறண்ட காற்றில் மரம் சுருங்கி வெடிக்கலாம். கோடையில் மெழுகு இளகும். வெயில் படாத அறையில், துணியுறை போட்டு வைப்பது நல்லது. நெடுங்காலம் வாசிக்கப்போவதில்லை என்றால் தந்திகளைச் சற்றே தளர்த்தி வைக்க வேண்டும். பழுது பார்ப்பதைத் தஞ்சாவூர் வீணை ஆசாரியிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் பூசினால் வித்துவானின் கைத்தடமும் அதோடு போய்விடும்.